சாமியிடம் திருப்பிக் கேட்ட பூ

1937 பெப்ரவரி 9, வெள்ளவத்தை, கொழும்பு

இந்த ஊரில் துணி காய்வதே இல்லை. காலையில் கொடியில் போட்ட புடவையைச் சாயங்காலம் எடுத்தால் உப்புக் காற்றில் பிசுபிசுவென்று இருக்கிறது. அவரிடம் சொன்னேன். "கடலோரம்னா அப்படித்தான். தூத்துக்குடியிலயும் கடல்தானே?" என்றார். தூத்துக்குடிக் கடல் வேறு. அது நம் கடல்.

வந்து இருபத்தாறு நாள். போக இன்னும் எழுபது நாள்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம். வருஷத்துக்கு ஒரு மாதம் ஊருக்கு வருவார், மீதி நாளெல்லாம் புறக்கோட்டைத் துணிக்கடைதான். எங்கள் பக்கத்து வியாபாரிகள் அநேகமாக எல்லாரும் அப்படித்தான், பெண்டாட்டியைக் கப்பலேற்றுகிறவர்கள் குறைவு. இந்த வருஷம் இவருக்கு என்ன தோன்றியதோ, வீடு பிடித்து அழைத்து வந்துவிட்டார். "சித்திரை வருஷப்பிறப்பு வரை இருந்து பாரு. பிடிக்கலைன்னா ஏப்ரல் இருபதாந்தேதிக் கப்பல்ல சத்தியநாராயணன் குடும்பத்தோட போயிடலாம்" என்று பேச்சு. சத்தியநாராயணன் அவருடைய பெரியப்பா மகன். போகத்தான் போகிறேன். அதற்குள் இந்த மனுஷரோடு பேச என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பதினொரு வருஷத்தில் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம்கூடச் சேர்ந்து இருந்ததில்லை.

அவர் பெயர் வெங்கடேஸ்வரன். எழுதிவிட்டேன்! வாயால் சொன்னால்தான் ஆயுசு குறையுமாம். மையால் எழுதினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. டயரியும் அவர் கடைக்கு வந்த டயரிதான்.

பெப்ரவரி 12

ஊரிலிருந்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொண்டுவந்த செம்பருத்தி மூன்று புது இலை விட்டிருக்கிறது. கப்பலில் வாந்தி எடுத்தபோதுகூட அந்தத் தகரத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. சாதாரணச் சிவப்பு, ஐந்து இதழ். அதற்கு மட்டும் இந்த உப்புக் காற்று பிடித்துப்போயிற்று, துரோகி.

மதிலுக்கு அந்தப் பக்கம் பூங்கன்று விற்கிற தோட்டம். அலவி என்ற முஸ்லிம் பெரியவருடையது. மாசி, பங்குனிதான் அவருக்கு வியாபாரக் காலம் போல. பணக்காரர்கள் குடியிருக்கிற கறுவாத்தோட்டத்துச் சீமாட்டிகளும் தேயிலைத் தோட்டத்துத் துரைசானிகளும் மோட்டாரில் வந்து இறங்குகிறார்கள். ஸ்டூல் போட்டு ஏறி நின்று நானும் பார்த்தேன். அவர் விற்பதில் ஒன்றாவது உருப்படியான செடியா? நாடா போல முறுக்கிக்கொண்ட குரோட்டன். அரக்கு பூசினாற்போல ஒற்றை இதழும் அதில் ஒரு குச்சியும் நிற்கிற அந்தூரியம். தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிட்டு, வேரைக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிற ஓர்க்கிட். சாமிக்கும் ஆகாது, சமையலுக்கும் ஆகாது. இதற்குப் போய்ச் சீமாட்டிகள் அடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு செடியில் இலை நுனியெல்லாம் மூடி போட்ட சின்னச் சின்னக் குடுவை. அதற்குள் விழுகிற எறும்பையும் ஈயையும் அது தின்றுவிடுமாம். வெள்ளிக்கிழமையும் தின்னுமா என்று கேட்க ஆசையாக இருந்தது.

பெப்ரவரி 17

மதிலோரமாகவே அவர்களுடைய செம்பருத்தி வரிசை. நம் பக்கம் வளைந்து பூக்கிறது. விடிந்ததும் கூடையோடு போய்க் கைக்கு எட்டியதைப் பறித்துக்கொள்கிறேன். அடுக்குப் பூ, மஞ்சள், ரோஸ். பிள்ளையார் நாலே நாளில் பணக்காரராகிவிட்டார். எங்கள் தெருவில் யார் வீட்டு வேலியிலும் யாரும் பறிக்கலாம், சாமிக்குப் பறித்தால் களவு ஆகாது. இங்கேயும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 24

அத்தையிடமிருந்து, அதாவது இவருடைய அம்மாவிடமிருந்து, கடிதம். "எப்போது வீட்டுக்கு வருகிறாய்?" நாள் எண்ணுகிறேன் அத்தை. ஐம்பத்தைந்து.

மார்ச் 3

மதிலுக்கு மேலே ஒரு முக்காடு போட்ட தலை. அலவி அவர்களின் மனைவி, பெயர் ஹமீமா. நாற்பத்தைந்து வயதிருக்கும். விரலெல்லாம் மண். என் தகரத்தைக் கண் எடுக்காமல் பார்த்தார்.

"இது எந்த ஊர்ச் செம்பரத்தை தங்கச்சி?"

"தூத்துக்குடி. எங்க வீட்டுக் கிணத்தடி."

"காய் புடிக்குமா?"

செம்பருத்தியில் காயைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். பிடிக்கும், சின்ன வயதில் உரித்து விளையாடியிருக்கிறோம் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இங்கே இருக்கிற அடுக்குப் பூக்கள் அழகுதானாம், காய்க்காதாம்.

அரை மணி நேரம் கதை. 'இருந்த' என்பதை 'ஈந்த' என்கிறார், 'இருக்கிறது' என்பதை 'ஈக்கி' என்கிறார், காதுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவி, காய்க்க வைத்து, விதை போட்டுப் புது நிறம் எடுக்கிறார்களாம். அதையெல்லாம் செய்வது இவர்தான். வாடிக்கைக்காரர்கள் வருகிற முன்பக்கம் இவர் போவதில்லை. மலர்க் காட்சியில் கிடைத்த வெள்ளிக் கோப்பையில் பொறித்திருப்பது அலவி அவர்களின் பெயர். "அவர் நல்ல மனிசன். கோப்பைய எனக்கிட்டத்தான் தருவார், மினுக்கி வைக்கச் செல்லி" என்று சிரித்தார்.

வந்த பிறகு நானும் இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மார்ச் 12, வெள்ளி, காலை

இன்று பிள்ளையாருக்கு அபூர்வமான பூ. மதில்மேல் வெயிலுக்காக ஒரு சாடியைத் தூக்கி வைத்திருந்தார்கள். நோஞ்சான் செடி, நாலே இலை, ஆனால் உச்சியில் கையகலத்தில் ஒரு செம்பருத்தி. அந்த நிறத்தை எப்படிச் சொல்வது? நாவற்பழம் தின்ற நாக்கு இருக்குமே, அந்த நிறம். நடுவில் குங்குமம் கொட்டினாற்போல. இப்படியும் ஒரு பூவா! பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. இது கிடைத்ததால் என் தகரத்தில் பூத்த ஒற்றைப் பூவைப் பறிக்காமல் விட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

அதே நாள்

என்ன காரியம் செய்துவிட்டேன்! ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பழமொழி சொல்லிச் சிரிப்போமே, அது நான்தான்.

எட்டு மணி இருக்கும். வாசலில் ஹமீமா அம்மாள். முக்காடுகூடச் சரியாக இல்லை. தெருவழியாக நடந்து வந்திருக்கிறார்.

"தங்கச்சி, சாடியில ஈந்த பூ எங்க?"

"சாமிக்கு வச்சிட்டேன்க்கா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ஆறு வருஷமாக அந்த நிறத்துக்காகச் செடி மேல் செடியாக வளர்த்தாராம். போன வருஷம் போட்ட விதையில் இந்த ஒன்றில்தான் வந்தது. அதற்கும் வேர் அழுகிவிட்டது. இரண்டு தடவை கிளை வெட்டி ஒட்டுப் போட்டும் கறுத்துப் போயிற்றாம். "அதுக்கு இனி வேற மொட்டு இல்ல. இந்தப் பூவாலதான் இன்டைக்கி விதைக்கு வழி பாக்க ஈந்தேன்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"உங்கட சாமி அதத் திருப்பித் தருவாரா?"

கிண்டலில்லை. நிஜமாகவே கேட்டார்.

நான் என்ன செய்வேன்? சாமிக்கு வைத்தது வைத்ததுதான். பூஜை முடிந்தால் ஓடுகிற தண்ணீரில் விடலாமே தவிர, எடுத்து வேறு காரியத்துக்குக் கொடுப்பதா? அம்மா கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள். உள்ளே போய் நின்றேன். பிள்ளையார் காலடியில் அந்தப் பூ ஒன்றும் தெரியாததுபோல விரிந்து கிடந்தது. பிறகுதான் எனக்கு அது உறைத்தது. கொடுக்க அது என் பூவே இல்லையே? பிள்ளையாரப்பா, களவுப் பொருளை உனக்குக் கொடுத்துவிட்டேன், சொந்தக்காரி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், திருப்பிக் கொடு. கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்துவிட்டேன்.

"தண்ணி தெளிச்சீங்களா?" என்று பதறினார். தெளிக்கவில்லை. தீர்த்தம் தெளிக்கப் போகிற நேரத்தில்தான் அவர் கூப்பிட்டார். நனைந்திருந்தால் மகரந்தம் கெட்டுப்போயிருக்குமாம். சந்தனம் காம்பில் மட்டும். "செடியில ஈந்தாலும் பறிச்சாலும் செம்பரத்தைக்கு ஒரு நாள்தான். அந்திவரைக்கும் உசிர் ஈக்கும்" என்றவர், சட்டென்று எழுந்தார். அவர்கள் தோட்டத்தில் இன்று பூத்திருந்ததெல்லாம் காய்க்காத அடுக்குப் பூக்கள்.

"உங்கட தகரத்துச் சிவப்பு பூத்திக்கா?"

பூத்திருந்தது. அடுத்தவர் பூவைப் பறித்துவிட்டு நான் காப்பாற்றி வைத்த அந்த ஒற்றைப் பூ!

கொல்லையில் இரண்டு பேரும் குனிந்து நின்றோம். என் பூவின் நடுத்தண்டு நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டு. இத்தனை வருஷம் பறித்திருக்கிறேன், ஐந்து என்று எண்ணியதில்லை. சாமியிடமிருந்து எடுத்த பூவால் அந்த ஐந்தையும் மெதுவாக, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோலத் தொட்டார். காம்பில் நீல நூல் கட்டினார். "இதப் பறிச்சிராதீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 13

பூ வாடி விழுந்தது. காம்பும் பச்சைக் கிண்ணமும் நிற்கின்றன. மூன்று நாலு நாளில் அதுவும் விழுந்தால் எல்லாம் முடிந்தது.

மார்ச் 14

நிற்கிறது. ஆறு தடவை போய்ப் பார்த்தேன். அவர் ஞாயிறு என்று வீட்டில் இருந்தார், என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், சாமியிடம் திருப்பிக் கேட்டது உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். "பிள்ளையாரும் வியாபாரிங்களுக்கு வேண்டிய சாமிதானே. சரக்கு மாறிப்போனா திருப்பி அனுப்புறது வழக்கம்தான்" என்றார். இந்த மனுஷருக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்று பதினொரு வருஷத்தில் எனக்குத் தெரியாது.

மார்ச் 17

கிண்ணம் விழவில்லை. நடுவில் மிளகு அளவுக்குப் பச்சையாக ஒரு திரட்சி. மதிலுக்கு மேல் "ராத்தா!" என்று கத்தினேன். காயல்பட்டினத்துத் தோழி அவள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாள், அது எப்படியோ வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் தண்ணீர்வாளி விழுந்த சத்தம். ஓடி வந்தார்.

மார்ச் 25

நோஞ்சான் செடி செத்துவிட்டது. ராத்தா அதைப் பிடுங்கி வேரைக் காட்டினார், கையோடு பிய்ந்து வந்தது. இனி அந்த நிறம் உலகத்தில் இருப்பது என் மண்ணெண்ணெய்த் தகரத்தில், நெல்லிக்காய் அளவு ஒரு காய்க்குள். காற்றடித்தால் ஓடிப்போய்த் தகரத்தின் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

ஏப்ரல் 2

காய் பழுத்தால் வெடித்து விதை சிதறிவிடும், மெல்லிய துணிப் பை கட்ட வேண்டும் என்று ராத்தா சொன்னதை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லியிருந்தேன். இன்று கடையிலிருந்து வந்தவர் சட்டைப் பையிலிருந்து நாலு விரற்கடை மல் துணி எடுத்தார். "கடையில இருக்கிறதுலயே மெலிசு. காத்துப் போகும், விதை போகாது" என்றார். அந்தத் துண்டை அவரே ஓரம் மடித்துத் தைத்திருக்கிறார். கணக்கப்பிள்ளைகள் சிரித்தார்களா என்று கேட்டேன். சிரித்தார்களாம்.

ஏப்ரல் 9

கப்பலுக்குப் பதினொரு நாள். காய் பழுக்க இன்னும் ஒரு மாதம். தகரத்தை அசைத்தால் காய் உதிர்ந்துவிடும் என்கிறார் ராத்தா.

"நீங்க போங்க தங்கச்சி. நான் காலையிலயும் அந்தியிலயும் வந்து பாத்துகொள்றேன். ஊருக்குப் போற ஆள ஒரு காய்க்காக மறிக்கேலுமா?"

அப்போ சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னது முதல் மனது சரியில்லை. ஏன்? போகத்தானே நாள் எண்ணினேன்?

ஏப்ரல் 13

வருஷப்பிறப்பு. ஈசுவர வருஷம். மாங்காய்ப் பச்சடி வைத்தேன், வேப்பம்பூ ராத்தா வீட்டு மரத்துப் பூ. ஒரு கிண்ணம் மதிலுக்கு மேல் போயிற்று, அது வட்டிலப்பம் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு நிறைந்து திரும்பி வந்தது. வட்டிலப்பத்தில் முட்டை போடுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுல என்ன இருக்குன்னு நான் கேக்கல. நீயும் கேக்காதே" என்றார்.

ஏப்ரல் 17

டிரங்குப் பெட்டியை அடுக்கினேன். கலைத்தேன். மறுபடி அடுக்கினேன்.

பறித்தவள் நான். காய் நிற்பது என் செடியில். ராத்தா பார்த்துக்கொள்வார், எனக்கும் தெரியும். ஆனால் அது வெடிக்கிற அன்றைக்கு நான் இங்கே இருக்க வேண்டும். அது மட்டுமா? இன்னும் ஒன்று இருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் ஆறே கால் ரயில் ஸ்டேஷனுக்குள் வருகிற சத்தம் கேட்டால் நான் கண்ணாடி பார்க்கிறேன். முப்பத்திரண்டு வயதில்.

ஏப்ரல் 18

சொல்லிவிட்டேன். "இந்தக் கப்பல்ல போகலை." அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்போடு நின்றார்.

"காய்க்காகவா?"

"காய்க்காகவும்தான்."

இன்னொரு செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டார்.

ஏப்ரல் 20

கப்பல் போயிற்று. சத்தியநாராயணன் குடும்பத்திடம் அத்தைக்கு அப்பளமும் கடிதமும் கொடுத்தனுப்பினேன். "காய் பழுத்ததும் வருகிறேன்" என்று எழுதினேன். அத்தைக்கு என்ன புரியுமோ!

மே 6

விடாத மழை, கடல் பக்கமிருந்து பேய்க்காற்று. தகரத்தைத் தூக்க முடியாது, அப்படியே விடவும் முடியாது. அவர் கடைக்குப் போகவில்லை. நாலு குச்சி நட்டு, பாயைக் கட்டி, ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான் குடைபிடித்து நின்றோம். மதிலுக்கு மேலிருந்து அலவி அவர்கள் மழைக்கு மூடுகிற ஒரு பெரிய படங்கை எறிந்தார். "ஒரு செம்பரத்தைக்கு ரெண்டு வீட்டுக் குடையா!" என்று அவர் கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது.

மே 9

வெடித்தது! மல் துணிப் பைக்குள் பதினான்கு விதை. கறுப்பாக, மெல்லிய ரோமத்தோடு. நானும் ராத்தாவும் எச்சில்கூட விழுங்காமல் எண்ணினோம். ஏழு எனக்கு என்று நீட்டினார். வேண்டாம் என்றேன். "பெத்தது உங்கட மரம்" என்றார்.

மே 22

ஒன்பது முளைத்திருக்கின்றன. விளக்குச் சிம்னியைக் கவிழ்த்து மூடியிருக்கிறோம்.

மே 23

நத்தை இரண்டைத் தின்றுவிட்டது. அந்தக் குடுவைச் செடி நத்தை தின்னாதா என்று கேட்டேன். தின்னாதாம். அது ஒரு பிரயோஜனத்துக்கும் ஆகாத செடி என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

ஆகஸ்ட் 14

ஏழும் முழ உயரம். மூன்று எங்கள் பக்கம், நாலு அந்தப் பக்கம். அத்தை இப்போது "காய் பழுத்ததா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். "என்ன நிறம்?" என்று கேட்கிறார்.

நவம்பர் 30

நோன்பு மாதம். அந்தியில் கஞ்சி மதிலுக்கு மேல் வருகிறது. இறைச்சி போடாமல் எங்களுக்கென்று தனிச் சட்டியில். தோட்டத்தில் ராத்தாவுக்குக் களைப்பு அதிகம், அதனால் அந்தப் பக்கத்து நாலு கன்றுக்கும் நான்தான் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். போகும்போது ஓர்க்கிட்டுகளுக்கும் தெளிக்கிறேன். பார்க்கப் பார்க்க அந்தூரியம்கூட அவ்வளவு மோசமில்லை.

1938 பெப்ரவரி 19

முதல் கன்று பூத்தது. சிவப்பு. சாதாரணத் தூத்துக்குடிச் சிவப்பு. ராத்தா, "வடிவா ஈக்கி" என்றார். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

பெப்ரவரி 27

இன்னும் மூன்று பூத்தன. சிவப்பு, சிவப்பு, ஒன்று வெளிறின ரோஸ். கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. என் கிணற்றடிச் செடி மேலாக இருக்கும், எல்லாவற்றையும் தன் சாடையாகவே பெற்றுவைத்திருக்கிறது.

மார்ச் 5

ஆறாவதும் சிவப்பு. மிச்சம் ஒன்றுதான், எங்கள் பக்கத்தில் நிற்பது, எல்லாவற்றிலும் குட்டை. மொட்டு விட்டிருக்கிறது. நுனியில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது. அழுகலா? ராத்தாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 9

விடியும்போது போனேன், கூடை இல்லாமல். பாதி விரிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் வர வர விரிந்தது.

நாவற்பழ நாக்கு! அதே நிறம். ஆனால் நடுக் குங்குமம் பழைய பூவைப்போல நடுவோடு நிற்கவில்லை. எங்கள் கிணற்றடிச் சிவப்பு நரம்பு நரம்பாக ஒவ்வோர் இதழிலும் ஓடிப் பரவியிருக்கிறது. "ராத்தா!" என்று கூப்பிட்டேன், அந்தப் பக்கம் கேட்கவில்லை. வீட்டுக்காரர்தான் உள்ளேயிருந்து எழுந்து வந்து மதிலில் தட்டிக் கத்தினார்: "ராத்தா, நிறம் வந்துட்டு!"

இந்தத் தடவை ராத்தா தெருவழியாக வரவில்லை. மதில் ஏறிக் குதித்தார், நாற்பத்தாறு வயதில். பூவைத் தொடவில்லை, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் முக்காட்டில் இறங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் "பிள்ளையாரப்பா" என்றேன்.

அலவி அவர்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வருஷக் காட்சிக்கு எழுதுகிற சீட்டில் யார் பெயர் போடுவது என்று கேட்டார். "இந்த முறை கோப்பைய நான் மினுக்கி வைக்கிறேன்" என்று அவரே பதிலும் சொன்னார்.

மார்ச் 20

செடி திடமாக இருக்கிறது, அதன் இரண்டாவது பூவில் ஒரு காயும் பிடித்திருக்கிறது. ராத்தா வைத்த ஐந்து ஒட்டும் பிடித்துவிட்டது. ஒன்று எனக்கு. சத்தியநாராயணன் குடும்பம் இந்த வருஷமும் ஏப்ரலில் கப்பலேறுகிறது. "உனக்கும் சொல்லட்டுமா?" என்று அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். இலையைப் பார்த்தபடி.

"இரண்டு டிக்கெட் சொல்லுங்க. போகவும் வரவும்."

ஒட்டுக் கன்றை ஈரப் பாசியில் சுற்றிக் கொண்டுபோய் ஊரில் கிணற்றடியில் வைக்கப் போகிறேன். உடனே ஒரு பயம் பிடித்தது. அத்தை விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறவர். அதனால் இன்றே எழுதிவிட்டேன்: "சித்திரையில் வருகிறோம். ஒரு செடி கொண்டுவருகிறேன். முதல் பூவை மட்டும் சாமிக்குப் பறித்துவிடாதீர்கள், காரணம் நேரில் சொல்கிறேன். நாங்கள் வைகாசி பிறந்ததும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், இங்கே ஒரு காய் பழுக்க இருக்கிறது."

ஒட்டுவதற்கு முன் அவர் படித்துப் பார்த்தார். "வீட்டுக்குத் திரும்பணும்னு எழுதியிருக்கே. எந்த வீடுன்னு அம்மா குழம்பப் போறாங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது. அப்படியே ஒட்டி அனுப்பச் சொன்னேன்.